மாற்றுமுன் பிரித்துப் பார்ப்போம்

நம் பகுதியில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி, ஐப்பசி கார்த்திகையில் துலாவர்ஷம். திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் பிழைப்பை முன்னிட்டு வந்து, நெய்யாற்றின்கரை, பாறசாலை, காட்டாக்கடைப் பக்கங்களில் குடியேறிவிட்ட குடும்பங்களுக்கு முதலில் வியப்பளித்தது இந்த மழைதான். இப்போது பழகிவிட்டது. கூரையைப் பார்க்கிறோம், ஓடை தூர் வாருகிறோம், குடை வாங்குகிறோம். ஆனால் வாசலில் நிற்கும் காரின் வைப்பரை மழைக்கு முன் யாரும் பார்ப்பதில்லை. முதல் மழை கொட்டும்போது, களியக்காவிளை தாண்டி லாரிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கையில்தான் அது நின்றுபோயிருப்பது தெரிகிறது.

புதிய கார் வைத்திருப்பவர்களைப் பற்றி நான் பேசவில்லை. நம் குடும்பங்களில் பலவற்றில் இன்னும் பழைய வண்டிதான் ஓடுகிறது. அப்பா வாங்கிய அம்பாசடர், வளைகுடாவில் சம்பாதித்த பணத்தில் வந்த மாருதி 800 என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கதை உண்டு. மாருதி 800 முதன்முதலில் 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. அதுவும் அம்பாசடரும் உற்பத்தி நின்றது 2014இல். ஆகவே கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. இவற்றின் வைப்பர் இயக்கம் தேய்ந்திருப்பது இயல்பு. அந்தத் தேய்மானத்தை நாம் எப்படி எதிர்கொள்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இப்போதைய வழக்கம் என்ன? வைப்பர் சரியாக ஓடவில்லை என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், "மோட்டார் போச்சு சார், செட்டா மாத்திரணும்" என்கிறார்கள். நாமும் தலையை ஆட்டிவிட்டுப் பணம் கொடுக்கிறோம். அல்லது, "பழைய வண்டிக்கு இவ்வளவு செலவா?" என்று அப்படியே விட்டுவிட்டு மழையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டுகிறோம். இரண்டுமே தவறு என்பது என் தாழ்மையான கருத்து. பழைய வைப்பர்களில் பெரும்பாலான கோளாறுகள் மோட்டாரில் இல்லை. சில்லறைக் காசு பெறும் ஒரு புஷ்ஷிலோ, கிரீஸ் காய்ந்துபோன ஓர் அச்சிலோதான் இருக்கின்றன. பிரித்துப் பார்த்தால் தெரியும். பார்க்காமல் மாற்றுவதும் பார்க்காமல் விடுவதும் ஒன்றுதான்.

சின்ன விஷயம்தானே?

அப்படித் தள்ளிவிட முடியாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. எதிரே வரும் பஸ் வாரியிறைக்கும் சேற்றுநீர் கண்ணாடியில் விழுந்து, வைப்பர் அதைத் துடைக்க இரண்டு நொடி தாமதித்தால் 34 மீட்டர் தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். நம் கிராமச் சாலைகளில் அந்த 34 மீட்டருக்குள் ஒரு வளைவும், குடை பிடித்து நடக்கும் பள்ளிப்பிள்ளைகளும் இருப்பார்கள்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 101ஆம் விதி, முன்கண்ணாடி உள்ள வண்டிகளுக்கு விசையால் இயங்கும் திறமையான வைப்பர் இருக்க வேண்டும் என்கிறது. பெயருக்கு இரண்டு குச்சி நின்றால் போதாது. சொந்தக் காருக்கு முதல் 15 ஆண்டு கழிந்தபின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போதும் வண்டி நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்கப்படும். நாகர்கோவில் வண்டிக்கு டிஎன் 74, காட்டாக்கடை வண்டிக்கு கேஎல் 74. பதிவெண் எந்த மாநிலத்தினுடையதானாலும் விதி ஒன்றுதான், மழையும் ஒன்றுதான்.

இயங்கும் விதம்

வைப்பருக்கும் தண்டவாளத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி நியூயார்க் போயிருந்தபோது, பனிமழையில் டிராம் ஓட்டுநர் முன் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு சிரமப்படுவதைப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு நெம்புகோலை ஆட்டினால் வெளியே ரப்பர் துடைக்கும்படி ஓர் ஏற்பாட்டை யோசித்து, 1903இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அன்று கையால் ஆட்டியதை இன்று மின்மோட்டார் செய்கிறது. அடிப்படை அதுவேதான்.

மோட்டார் ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருக்கும். பிளேடோ இடமும் வலமும் போய்வர வேண்டும். மாருதி போன்ற வண்டிகளில் மோட்டாரின் முனையில் ஒரு சிறு கிராங்க் இருக்கிறது. அதிலிருந்து லிங்க் ராடு என்னும் இரும்புப் பட்டைகள் இரு பக்கமும் போய், பிளேடைத் தாங்கும் அச்சுகளை ஆட்டுகின்றன. பட்டைகள் சேரும் இடம் ஒவ்வொன்றிலும் உருண்டையான ஒரு முனையும், அதைக் கவ்விக்கொள்ளும் நைலான் குழியும் உண்டு. மெக்கானிக்குகள் இதைப் பொதுவாகப் புஷ் என்பார்கள். தேய்வது இந்த இடம்தான்.

ஏன் தேய்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 45 முறை பிளேடு போய்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல மழையில் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போக இரண்டு மணி நேரம் ஆனால், அந்த ஒரு பயணத்தில் மட்டும் 5,400 முறை. போவது ஒன்று, வருவது ஒன்று என்று கணக்கிட்டால் 10,800 வீச்சு. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் பட்டை திசை மாறுகிறது. திசை மாறும்போதெல்லாம் நைலான் குழியில் ஒரு தட்டு விழுகிறது. இருபது ஆண்டு மழையை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் முக்கியம். அச்சை ஆட்டும் சிறு கையின் நீளம் 40 மில்லிமீட்டர் என்றும், அச்சிலிருந்து பிளேடின் நுனி 600 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்றும் கொண்டால், விகிதம் 15 மடங்கு. உள்ளே புஷ்ஷில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் விழுந்தால் வெளியே நுனியில் ஒன்றரை சென்டிமீட்டர் ஆடும். இரண்டு மூன்று புஷ்ஷில் ஆட்டம் சேர்ந்தால் பிளேடு கண்ணாடியின் ஓரச் சட்டத்தில் போய் டக் டக்கென்று மோதும், அல்லது இரண்டு பிளேடும் ஒன்றோடொன்று உரசும். வெளியே இவ்வளவு பெரிய ஆட்டத்தைப் பார்த்து மிரண்டுபோய் முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். உள்ளே தேய்ந்திருப்பது சுண்டுவிரல் நகத்தளவு நைலான்.

குறியைப் பார்த்து நோயை அறிதல்

வைத்தியர் நாடி பிடிப்பதுபோல, வைப்பர் காட்டும் குறிகளிலிருந்தே பாதி தெரிந்துவிடும்.

ஒரு பக்கம் ஆடுகிறது, மறுபக்கம் நிற்கிறது என்றால் மோட்டார் குற்றவாளி அல்ல. ஒரு லிங்க் ராடு குழியிலிருந்து கழன்றிருக்கும், அல்லது பிளேடைத் தாங்கும் கையின் அடியில் உள்ள நுண்பற்கள் மழுங்கியிருக்கும்.

இரண்டும் ஆடுகின்றன, ஆனால் மிக மெதுவாக என்றால், அச்சுகளில் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கலாம். மோட்டாரின் எர்த் ஒயர் உடம்பைத் தொடும் இடத்தில் துரு ஏறியிருக்கலாம். இவ்விரண்டையும் பார்க்காமல் மோட்டாரைக் குறைசொல்லக் கூடாது.

வீச்சின் முடிவில் சத்தமும் அளவு மீறிய வீச்சும் இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது.

சுவிட்சை அணைத்ததும் கீழே போய்ப் படுக்காமல் நடுவழியில் நின்றால், மோட்டாருக்குள் இருக்கும் நிறுத்தத் தொடர்பில் அழுக்கு அல்லது தேய்மானம்.

பிளேடு நடுங்கிக்கொண்டே போனால் கை முறுக்கியிருக்கிறது அல்லது ரப்பர் இறுகியிருக்கிறது. தண்ணீர் கோடு கோடாக நின்றால் ரப்பரின் ஆயுள் முடிந்தது.

எங்கள் தெருவில் ஓர் அன்பரின் மாருதி 800இல் சென்ற ஆண்டு ஓட்டுநர் பக்கப் பிளேடு மட்டும் நின்றுவிட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் மோட்டாரும் லிங்க்கும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றார்களாம். மறுபக்கப் பிளேடை ஆட்டிக்கொண்டிருப்பது அதே மோட்டார்தானே என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் அவர் மகனும் நானுமாகப் பிரித்தோம். ஒரு நைலான் புஷ் உடைந்து பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. புது புஷ் போட்டு, அச்சுகளைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து மூடினோம். அந்தத் துலாவர்ஷம் முழுவதும் குறையின்றி ஓடியது.

செய்யும் முறை

கையில் ஸ்பேனரும் திருப்புளியும் பிடிக்கத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்யலாம். தெரியாதவர்கள் மெக்கானிக் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாம். வரிசை முக்கியம்.

முதலில் கண்ணாடியை நனைத்து வைப்பரை ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, அது தானாகவே கீழே வந்து நிற்கட்டும். காய்ந்த கண்ணாடியில் ஒருபோதும் ஓட்டாதீர்கள். பிளேடுகள் நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் ஒட்டுநாடாவால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள்.

கண்ணாடியின்மேல் தடித்த துண்டு ஒன்றை மடித்துப் போடுங்கள். வைப்பர் கையில் வலுவான ஸ்பிரிங் இருக்கிறது. கைநழுவி அது அடித்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும், புஷ்ஷுக்குச் செய்த சிக்கனம் கண்ணாடியில் போய்விடும். நட்டைக் கழற்றியபின் கை வர மறுத்தால் துருவெண்ணெய் விட்டுச் சற்றுப் பொறுங்கள். கண்ணாடியில் முட்டுக்கொடுத்து நெம்பக் கூடாது.

கண்ணாடிக்குக் கீழுள்ள மூடியை எடுத்தால் பட்டைகள் தெரியும். மோட்டார் கிராங்க்கில் மாட்டியிருக்கும் லிங்க் ராடை அகலமான திருப்புளியால் மெல்ல நெம்பிக் கழற்றுங்கள். இப்போதுதான் முக்கியமான சோதனை. பேட்டரியை மறுபடி இணைத்து மோட்டாரைத் தனியே ஓடவிடுங்கள். கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். மோட்டார் ஒரே சீராகச் சுற்றி, அணைத்ததும் தன் இடத்தில் வந்து நின்றால் அது நல்ல மோட்டார். மீண்டும் பேட்டரியைக் கழற்றிவிட்டு அச்சுகளைக் கையால் திருப்பிப் பாருங்கள். இரண்டு விரலால் திருப்பினால் திரும்ப வேண்டும். அழுத்திப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தால், இத்தனை நாளும் அந்தப் பாரத்தை மோட்டார் சுமந்திருக்கிறது என்று பொருள்.

இறுகிய அச்சில் சர்க்கிளிப் இருந்தால் அதை எடுத்து அச்சை வெளியே உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, துருவை நைசான உப்புத்தாளால் தேய்த்து, துடைத்துக் காயவைத்து, புதிய கிரீஸ் தடவி மாட்டுங்கள். உருவ முடியாத வகையானால் மேலே எண்ணெய் விட்டு இப்படியும் அப்படியும் பலமுறை திருப்பி, பழைய அழுக்கு வெளியேறிய பின் கிரீஸ் வையுங்கள்.

புஷ் தேய்ந்திருந்தால் அளவு பார்த்து வேறு வாங்கலாம். கடையில் கிடைக்காவிட்டால் லேத்துப் பட்டறையில் நைலான் உருளையைக் கடைந்து செய்து தருவார்கள். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். இரும்பு உருண்டை முனையே தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தால் புதுப் புஷ்ஷும் சில மாதத்தில் போய்விடும். அந்த நிலையில் லிங்க் ராடையே மாற்றுவதுதான் சரி. மோட்டாரின் கிராங்க்கை மட்டும் அடையாளம் செய்யாமல் கழற்றாதீர்கள். கோணம் மாறிப் பொருத்தினால் பிளேடு நிற்கும் இடம் மாறிப்போகும்.

ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றிவைப்பது நம் ஊரில் சாதாரணம். இறுகிய அச்சும் கம்பி சுற்றிய ஃபியூஸும் சேர்ந்தால் மோட்டார் எரிவது நிச்சயம்.

அம்பாசடர் வைத்திருப்போருக்கு

அம்பாசடர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்தது. ஆகையால் அதன் வைப்பரும் லூகாஸ் முறையில் அமைந்தது. இங்கே லிங்க் ராடு இல்லை. ஒரு குழாய்க்குள் கம்பி வடம் ஒன்று முன்னும் பின்னும் ஓடுகிறது. வடத்தின்மேல் திருகுபோலச் சுற்றிய கம்பி, வீல்பாக்ஸ் என்னும் சிறு பெட்டிக்குள் இருக்கும் பல்சக்கரத்தைத் திருப்புகிறது. அந்தச் சக்கரத்தின் அச்சில்தான் பிளேடு நிற்கிறது.

இந்த அமைப்பில் ஒரு நல்ல வசதி உண்டு. பிளேடு முழு வட்டம் சுற்றுவதில்லை, வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே ஆடுகிறது. எனவே பல்சக்கரத்தில் ஒரு பக்கத்துப் பற்கள் மட்டுமே தேய்கின்றன. எதிர்ப்பக்கத்துப் பற்கள் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும். வடத்தை உருவி, சக்கரத்தை அரைச் சுற்றுத் திருப்பிவைத்து மறுபடி வடத்தை விட்டால் தேயாத பற்கள் வேலைக்கு வந்துவிடும். புதிய வீல்பாக்ஸ் வாங்காமலே இன்னொரு ஆயுள். பழைய மெக்கானிக்குகள் அனைவரும் அறிந்த வித்தை இது. இன்று சொல்லிக்கொடுக்க ஆள் குறைந்துவிட்டது.

வடத்தை வெளியே எடுத்தபோது மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவி, காய்ந்த பின் முழு நீளமும் கிரீஸ் தடவ வேண்டும். குழாய் எங்கும் நெளிந்திருக்கக் கூடாது. மோட்டார் இணைப்பை விட்டுவிட்டு, பிளேடுகளையும் கழற்றிய நிலையில், வடத்தின் முனையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தால் 6 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2.7 கிலோவுக்குள் நகர வேண்டும் என்பது பழைய லூகாஸ் கையேடுகள் சொல்லும் அளவு. அதற்கு மேல் போனால் குழாயோ வீல்பாக்ஸோ பிடிக்கிறது. மீன்காரர் வைத்திருக்கும் தராசே இதற்குப் போதும்.

எல்லாவற்றையும் ஒட்டுப்போட வேண்டுமா?

கூடாது. பழுதுபார்ப்பது வேறு, கஞ்சத்தனம் வேறு. தேய்ந்த ரப்பரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து இன்னும் ஒரு மழை ஓட்டலாம் என்று பார்ப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ரப்பருக்கு எதிரி வெயில். காட்டாக்கடைப் பக்கம் ரப்பர் மரம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான்கு மாத வெயிலில் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்த ரப்பரின் விளிம்பு இறுகி வெடித்துவிடும். அதைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். எண்ணெயும் மண்ணெண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும். சோப்புத் தண்ணீர் போதும். நுண்பற்கள் மழுங்கிய கையையும் மாற்றத்தான் வேண்டும். நட்டை இறுக்கிவிடுவது நாலு நாளைக்குத்தான். மோட்டார் எரிந்த வாசனை வந்தால் அதிலும் பிடிவாதம் வேண்டாம்.

புதிய வண்டிகளில் மழையைத் தானே உணர்ந்து ஓடும் வைப்பர்களும் வந்துவிட்டன. அவற்றின் மின்னணுப் பகுதியில் கைவைக்காமல் இருப்பதே நலம். ஆனால் அவற்றிலும் அச்சு அச்சுதான், புஷ் புஷ்தான்.

ரயில்வே கற்றுத் தந்தது

டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, டீசல் ஷெட்டில் பல ஆண்டு பணிசெய்தவன் நான். அப்போது ஓடிய டபிள்யூடிஎம் 2 எஞ்சின்களில் வைப்பர் காற்றழுத்தத்தால் இயங்கும். டிரைவர் லாக் புத்தகத்தில் லுக்அவுட் கண்ணாடி வைப்பர் வேலை செய்யவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால், அதைச் சின்ன விஷயம் என்று யாரும் தள்ளிவிட முடியாது. சிக்னலைப் பார்க்க வேண்டிய கண் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறது.

அங்கும் முழு யூனிட்டையே கழற்றிவிட்டு, தயாராக இருக்கும் வேறொன்றைப் பொருத்தி எஞ்சினை அனுப்புவது உண்டு. ஒரு சீலுக்காக எஞ்சினை நாள்முழுதும் நிறுத்திவைக்க முடியாது. ஆனால் கழற்றிய யூனிட் குப்பைக்குப் போகாது. அது மேஜைக்குப் போகும். பிரித்து, காரணம் கண்டு, சீலை மாற்றி, சோதித்து, அடுத்த எஞ்சினுக்குத் தயாராக வைக்கப்படும். செட்டாக மாற்றுவதை நான் குறைசொல்லவில்லை. கழற்றியதைப் பிரித்துப் பார்க்காமல் ஆக்ரிக் கடைக்கு எடைக்குப் போடுவதைத்தான் குறைசொல்கிறேன். காரணம் தெரியாமல் மாற்றிய இடத்தில் அதே கோளாறு மறுபடி வரும். இறுகிய அச்சைத் தொடாமல் புது மோட்டார் போட்டவர், இரண்டு ஆண்டில் இன்னொரு மோட்டார் வாங்குவார்.

ரயில்வேயின் இன்னொரு பாடம் காலம். கெட்டபின் பார்ப்பது அங்கே முறையல்ல. மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஆண்டு என்று கணக்கு வைத்துப் பார்ப்பார்கள். மழைக்கு முன்னால் தனியாக ஒரு தயாரிப்பு உண்டு. நம் காருக்கு இவ்வளவு தேவையில்லை. மே மாதம் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை, அரை மணி நேரம் போதும்.

மெக்கானிக்கின் பக்கம்

அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு புஷ்ஷுக்காக இரண்டு மணி நேரம் குனிந்து வேலைசெய்த மெக்கானிக், அதற்குரிய கூலி கேட்டால் நாம் முகம் சுளிக்கிறோம். "அஞ்சு பைசா சாமானுக்கு இவ்வளவா?" என்கிறோம். அதே மெக்கானிக் பெரிய பெட்டியோடு புது செட்டைக் காட்டி அதைவிடப் பல மடங்கு வாங்கினால் வாய்பேசாமல் கொடுக்கிறோம். பொருளுக்குக் கொடுக்கும் மதிப்பை உழைப்புக்கும் அறிவுக்கும் கொடுக்காத வரை, எந்த இளைஞர் பிரித்துப் பார்க்கும் தொழிலைக் கற்பார்? பிரித்துச் சரிசெய்பவருக்கு மனமுவந்து கூலி கொடுக்க வேண்டும். செட்டாக மாற்றச் சொல்பவரிடம், "எது போயிருக்கிறது, காட்டுங்கள்" என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பணம் கொடுப்பவர் கேட்கலாம், அதில் கூச்சம் வேண்டாம்.

அரசாங்கமும் இதை யோசிக்கத் தொடங்கியிருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைபேசி, வீட்டு மின்சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையத்தளமும் தொடங்கப்பட்டது. நல்ல முயற்சி. ஆனால் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரே இல்லாமல் போனால் உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் பிள்ளைகளில் பலர் பொறியியல் படிக்கிறார்கள். மகிழ்ச்சி. அவர்களில் எத்தனை பேர் ஒரு நட்டைக் கையால் கழற்றியிருப்பார்கள்? மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் படித்து வளரும் அவர்களுக்கு அச்சு, மரை, பல்சக்கரம், நெம்புகோல், உராய்வு, தேய்மானம் என்ற தமிழ்ச் சொற்களை எங்கே சொல்லிக்கொடுக்கப் போகிறோம்? புத்தகத்தைக் கொடுத்தால் மறந்துவிடுவார்கள். தேய்ந்த பல்லை விரலால் தடவிப் பார்த்து, "இதுதான் தேய்மானம்" என்று கேட்ட பிள்ளை மறக்காது. தமிழ் மன்றத்தில் பேச்சுப்போட்டி நடத்துகிறோம், கோலப்போட்டி நடத்துகிறோம். அவை இருக்கட்டும். அவற்றோடு இதையும் சேர்க்கலாம்.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, இடவப்பாதிக்கு முன், சங்க வளாகத்தில் காலை நேரம் ஒரு வண்டிப் பராமரிப்பு முகாம் வைக்கலாம். பக்கத்து ஊர் மெக்கானிக்குகள் இரண்டு மூன்று பேரை உரிய கூலி கொடுத்து அழைக்கலாம். மலையாள அன்பர்களும் வரட்டும். வைப்பர், விளக்கு, டயர், பிரேக் ஆகியவற்றை மட்டும் பார்ப்போம். பிரேக்கை மெக்கானிக் பார்க்கட்டும், வைப்பரைப் பிள்ளைகள் கையால் பிரிக்கட்டும். ஓய்வுபெற்ற தொழில்நுட்பக்காரர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். வீட்டில் சும்மா இருக்கும் எங்களுக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

வரும் மழைக்கு முன் இதைத் தொடங்க முடியுமானால் மிக்க நன்று. முடியாவிட்டாலும், இதைப் படிக்கும் அன்பர்கள் இந்த ஞாயிறன்று பானெட்டைத் திறந்து, இரண்டு விரலால் அந்த அச்சைத் திருப்பிப் பாருங்கள். சுலபமாகத் திரும்பினால் நிம்மதியாக மூடிவிடலாம். திரும்பாவிட்டால் மண்ணெண்ணெயும் கிரீஸும் எடுத்து வையுங்கள். மோட்டார் வாங்கக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.